விரலில் மாட்டிய வெளிச்சம்

"இதுக்கும் கீழ ஒரு கட்டம் அடிக்கலையா பாப்பா?"

தோலின் நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்கும் அட்டையில், ஆகக் கறுத்த கடைசிக் கட்டத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு மாமா கேட்டார்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது.

மாமா அவளுடைய அக்காவின் கணவர். லிஃப்ட் மெக்கானிக். வேலைக்கு லீவு போட்டுவிட்டு, சட்டைக்கு இஸ்திரியும் போட்டுக்கொண்டு அவளுடைய ஆய்வுக்கூடத்துக்கு வந்திருந்தார்.

அவள் படித்தது இயற்பியல், அதிலும் ஒளி. ஆஸ்பத்திரியில் விரல் நுனியில் கிளிப் மாதிரி ஒன்றை மாட்டுவார்களே, அந்தச் சின்னக் கருவிதான் இப்போது அவளுடைய ஆராய்ச்சி. விரலுக்குள் வெளிச்சத்தை அனுப்பி, எவ்வளவு தாண்டி வருகிறது என்று பார்த்து, ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று அது சொல்லிவிடும்.

கறுத்த தோல் அந்த வெளிச்சத்தில் கொஞ்சத்தை நடுவழியிலேயே விழுங்கிவிடும். கருவிக்கு அது புரியாமல் போகும்போது, உள்ளதைவிடக் கூட்டிச் சொல்லும். உருவாக்கியவர்கள் மாட்டிப் பார்த்த விரல்களில் பெரும்பாலானவை வெளுத்த விரல்கள். இதில் பெரிய மர்மம் ஒன்றுமில்லை, யாரும் கவலைப்படவில்லை, அவ்வளவுதான்.

எவ்வளவு கூட்டிச் சொல்கிறது என்று பார்க்க அவளுக்குக் கறுத்த கைகள் வேண்டியிருந்தன. மணிக்கட்டில் ஊசி, முகத்தில் மாஸ்க், அதில் வரும் காற்றில் ஆக்சிஜனைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்போம் என்று சொன்னதும், வருகிறேன் என்றவர்களில் பாதிப் பேர் நழுவிவிட்டார்கள்.

மாமாவை அவள் கூப்பிடவே இல்லை. அவராகத்தான் போன் செய்து வருகிறேன் என்றார்.

"இந்தக் கலருக்கு இப்பத்தான் டாக்டர், கிராக்கி வந்திருக்கு" என்றபடி கட்டிலில் படுத்தார். மணிக்கட்டில் ஊசியைப் பொருத்திக்கொண்டிருந்த டாக்டர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார்.

அக்காவுக்கும் அதே நிறம். ஒரே வயிற்றில் பிறந்த பகலும் ராத்திரியும் என்று வீட்டில் அவளையும் அக்காவையும் கேலி செய்வார்கள். "கரண்ட் போனா என்னைத் தேடாதீங்க" என்று அக்காவே சேர்ந்து சிரிப்பாள்.

அக்கா போய் இரண்டு வருஷமாகிறது.

நுரையீரலில் சளி கட்டி ஆஸ்பத்திரிக்குப் போன அன்று, அங்கே எக்கச்சக்கக் கூட்டம். விரல் கருவியில் நம்பர் குறைந்தவர்களுக்குத்தான் முதலில் படுக்கை, முதலில் ஆக்சிஜன். அக்காவின் விரலில் தொண்ணூற்று நான்கு காட்டியது. பயப்பட ஒன்றுமில்லை என்று வராந்தா பெஞ்சில் உட்கார வைத்தார்கள். மூச்சு முட்டுகிறது, மூச்சு முட்டுகிறது என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாளாம். சாயங்காலம் அந்தப் பெஞ்சிலேயே சரிந்துவிட்டாள்.

இதெல்லாம் பக்கத்தில் இருந்தவர்கள் சொல்லித் தெரிந்தது. மாமா அந்த நாளைப் பற்றி இதுவரை வாயைத் திறந்ததில்லை. முன்பெல்லாம் வாய்க்கு வாய், "மனுஷன் பொய் சொல்லுவான், மீட்டர் சொல்லாது" என்பார். அதைச் சொல்வதையும் நிறுத்திவிட்டார்.

டாக்டர் மாஸ்க்கை மாட்டினார். ஆக்சிஜன் குறையத் தொடங்கியது.

கொஞ்ச நேரம் மாமா கட்டை விரலை ஆட்டி ஆட்டி, நன்றாக இருக்கிறேன் என்று காட்டிக்கொண்டிருந்தார். பிறகு கட்டை விரல் நின்றுவிட்டது. நெற்றியில் வியர்வை பூத்தது. நெஞ்சு மேலும் கீழும் அடித்துக்கொண்டது. கால் விரல்கள் மடங்கிக்கொண்டன.

டாக்டர் மணிக்கட்டிலிருந்து ரத்தம் எடுத்துப் பக்கத்து மேஜையில் இருந்த மெஷினில் வைத்தார். ரத்தம் பொய் சொல்லாது.

எண்பத்தைந்து.

விரலில் இருந்த கருவியை அவள் பார்த்தாள்.

தொண்ணூற்று நான்கு.

மற்றவர்களிடம் இரண்டு, மூன்று என்று வந்த வித்தியாசம் இங்கே ஒன்பதாக நின்றது. அவள் சந்தேகப்பட்டது சரிதான். சந்தோஷப்பட வேண்டிய இடம் அது. ஆனால் அது அக்காவின் நம்பர்.

திரையை மாமா பக்கம் தெரியாதபடி திருப்பி வைக்க அவள் மறந்திருந்தாள். மாமா தலையைச் சாய்த்து அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போதும் டாக்டர், நிறுத்திடுங்க" என்று அவள் பதறிப்போய் மாஸ்க்கைக் கழற்றக் கை நீட்டினாள்.

மாமா ஊசி குத்தாத கையால் மாஸ்க்கை முகத்தோடு அழுத்திப் பிடித்துக்கொண்டார். அவள் இழுத்தாள். லிஃப்ட் கம்பிகளை இழுத்துப் பழகிய கை, அசையவில்லை.

"இருக்கட்டும் பாப்பா" என்றார் மாஸ்க்குக்குள்ளிருந்து, வார்த்தைக்கு வார்த்தை மூச்சு வாங்கிக்கொண்டு. "நம்பர் நல்லாத்தானே இருக்கு, நடிக்காதடின்னு... அவளத் திட்டினேன்."

அவள் கை தானாக விட்டுவிட்டது.

டாக்டர் குழாயில் முழு ஆக்சிஜனை அவள் சொன்னதுமே திறந்துவிட்டிருந்தார். மாமாவுக்கு அது தெரியாது. மாஸ்க்கை இன்னும் இறுக்கி அழுத்தியபடி, கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார்.

மூச்சு லேசானதும்தான் அவர் அழத் தொடங்கினார்.