வேண்டாம் என்று சொன்ன ஃபைல்

மில் ஆபீஸ் கம்ப்யூட்டரில் இருக்கும் ஊழியர் விவரங்களை வெள்ளிக்கிழமைதோறும் ஃபிளாப்பியில் நகல் எடுப்பது பாக்கியமேரியின் வேலை. 1988-ல் கணவர் அமிர்தராஜ் இறந்த பிறகு, கருணை அடிப்படையில் அவளுக்குக் கிடைத்த வேலை அது. ஒவ்வொரு ஃபைலுக்கும் வேண்டுமா, வேண்டாமா என்று கம்ப்யூட்டர் கேட்கும். ஃபிளாப்பியில் இடம் குறைவு என்பதால், ஓய்வு பெற்றவர்களையும் இறந்தவர்களையும் விட்டுவிட வேண்டும்.

அமிர்தராஜ் ஃபைலுக்கும் வேண்டாம் என்றுதான் அடித்தாள். ஆனாலும் அது ஃபிளாப்பியில் ஏறியிருந்தது. அழித்துவிட்டு மறுபடி நகல் எடுத்தாள். அப்போதும் இருந்தது.

சூப்பர்வைசர் ஸ்தனிஸ்லாஸ் வந்து அந்த ஃபைலைத் திறந்து பார்த்தார்.

"விட மனசு வரலையாம்மா?"

"வேண்டாம்னுதாங்க சார் அடிச்சேன்."

"பரவால்ல, இருக்கட்டும். பாலக்கரை வீட்டைக் காலி பண்ணிட்டீங்களா? புது அட்ரஸ் போட்டிருக்கீங்களே."

பாக்கியமேரி திரையைப் பார்த்தாள். எடமலைப்பட்டி புதூர், தண்ணீர்த் தொட்டி எதிரே மாடி வீடு.

அமிர்தராஜ் கால் படாத வீடாக இருக்கட்டும் என்று அவள் தேடிப் பிடித்தது. அன்று காலைதான் பேசி முடித்திருந்தாள். யாரிடமும் சொல்லவில்லை. வீட்டின் சாவி இன்னும் அவள் கைக்கே வரவில்லை.