கால்பட்டை

"கடலே இல்லாத திருவண்ணாமலையில, கதவைச் சாத்திக்கிட்டு இதை எவளுக்குத் தயார் பண்றீங்க?" அருணாதேவி மொட்டை மாடிக்கே வந்துவிட்டாள்.

பரணிலிருந்து இறக்கிய சர்ஃபிங் போர்டில் ரப்பர் கால்பட்டைகளை முடுக்கிக்கொண்டிருந்த கணவன் பிரசாத் திடுக்கிட்டான். "பெரிய காத்தாடி கட்டி, காத்து இழுக்க ஓட்டுறதுக்கு மாத்துறேன்."

அந்தப் பட்டையில் அவன் பாதம் பாதிகூட நுழையாது. "இது பொம்பளைக் கால் அளவு. யார் அவ?"

"உன் காலை விட்டுப் பாரேன்."

வெடுக்கென்று விட்டாள். கச்சிதமாகப் பொருந்தியது.

"பௌர்ணமிக்கு நீ வெறுங்காலோட கிரிவலம் போனப்பதான் உன் செருப்பு அளவெடுக்கக் கிடைச்சுது. கோவளத்துல போட்டியெல்லாம் ஜெயிச்சவ, தோள் ஒடைஞ்சதும் கையால தண்ணி தள்ள முடியலன்னுதானே உன் போர்டைப் பரண்ல போட்டே? இனி இடுப்புல மாட்டுற காத்தாடி இழுத்துக்கும். கைக்கு வேலை கம்மி."

அருணாதேவி காலை எடுக்கவில்லை.

"கோவளத்துல இப்ப காத்து எப்படிங்க?"