ஏரியின் பழைய எல்லை

ஏரியின் பழைய எல்லையை வரைய சுபாஷினியின் கணினிக்குத் தெம்பில்லை. ட்ரோன் எடுத்த நாலாயிரம் படங்களைக் கோர்ப்பதற்குள் மூச்சுமுட்டி நின்றுவிடும். வெள்ளிக்கிழமைக்குள் வரைபடம் வேண்டுமென்று மேலதிகாரி நெருக்கியதால் புதுக் கணினி வாங்க நவநீதனின் கடைக்கு வந்தாள். தன் வீட்டுக்கு வாங்குவதுபோல அவர் பாகங்களைப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கினார்.

"ரேம்ல மட்டும் கஞ்சம் பிடிக்காதீங்க மேடம்."

கடையில் இருந்ததிலேயே பெரிய கிராபிக்ஸ் கார்டைப் பெட்டி பிரித்து மாட்டினார். "உங்க ஃபைலையே போட்டுப் பாத்துருவோம்."

டீ ஆறுவதற்குள் திரையில் ஏரி விரிந்தது. பழைய எல்லையைக் காட்டும் சிவப்புக் கோடு ஒன்று இன்றைய கரையைத் தாண்டித் தெருக்களுக்குள் புகுந்தது.

"கோட்டுக்குள்ள வர்ற வீடெல்லாம்?" என்று கேட்டார் நவநீதன்.

"ஆக்கிரமிப்புன்னு இடிச்சிருவாங்க."

படம் எவ்வளவு துல்லியம் என்று காட்ட அவர் ஓரிடத்தைப் பெரிதாக்கினார். மொட்டைமாடிக் கொடியில் காயும் பச்சைப் போர்வையின் கட்டங்கள்கூடத் தெரிந்தன. கோடு அந்த வீட்டைச் சுற்றி வளைத்திருந்தது.

"அது எங்க போர்வை மேடம்."

சுபாஷினி மவுஸை நோக்கி நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள். கோட்டை நகர்த்த அவளால் ஆகாது. நவநீதன் பழக்கதோஷத்தில் புதுக் கணினியின் கேபினட் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

"கொஞ்சங்கூட சூடாகல" என்றார்.