கோழிக்குஞ்சு போட்ட துணி

இடுக்கியில் சிக்கியது என்னவென்று பார்த்ததும் மருமகள் அதை மணலில் நழுவவிட்டு, மேலே காலை வைத்துக்கொண்டாள்.

"குனியாதம்மா, வாயும் வயிறுமா இருக்கிறவ. இடுக்கி எதுக்குக் குடுத்திருக்கு?" என்று தூரத்திலிருந்து மாமியார் குரல் கொடுத்தாள்.

வீட்டுக் கழிவறைகளும் சேர்கிற தெருச் சாக்கடை கடலில் போய் விழுகிற இடம் அது. ஞாயிற்றுக்கிழமை காலையில் தெருப் பெண்கள் கூடிக் கரையைச் சுத்தம் செய்வார்கள். ஏற்பாடெல்லாம் மாமியாருடையது. தையல்காரி, பேச்சிலும் கத்தரி வைப்பவள். கழிவறைக்குள் எதையும் போடாதீர்கள், மூடி போட்ட கூடை வையுங்கள் என்று வீடு வீடாக ஏறிச் சொன்னவள்.

தன் வீட்டுக் கூடையை அவளேதான் கொட்டுவாள். கொட்டுவதற்கு முன் மூடியைத் திறந்து ஒரு பார்வை.

மருமகளின் மாதக்கணக்கு அந்தப் பார்வையில்தான் ஓடியது. கூடையில் நாப்கின் கிடந்தால், அன்றைக்கு வீட்டில் யாரும் அவளுக்கு முகம் கொடுக்க மாட்டார்கள்.

மகனுக்கு இரண்டாந்தாரம் பார்க்கத் தரகரை வரச்சொல்லியிருந்த சமயத்தில் அவளுக்கு நாள் தள்ளிப்போனது. ஓடிப்போய்ச் சொன்னாள்.

தரகர் வாசலோடு திரும்பினார். மாமியார் அன்றே தன் மெத்தைவிரிப்பைக் கிழித்துப் பிள்ளைக்கு இடுப்புத்துணி தைக்க உட்கார்ந்துவிட்டாள். ஒவ்வொன்றின் மூலையிலும் சிவப்பு நூலில் ஒரு கோழிக்குஞ்சு.

கடைசித் துணிக்கு ஓரம் அடித்த அன்று மருமகளுக்கு ரத்தம் பட்டுவிட்டது.

சொன்ன வாயால் எப்படி இல்லையென்று சொல்வது? நாப்கின் இருந்த அலமாரியின் சாவி மாமியார் இடுப்பில். கைக்கு எட்டியது இடுப்புத்துணிதான். அதைக் கூடையில் போட முடியுமா? சுருட்டிக் கழிவறைக்குள் போட்டு, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினாள்.

போய்விட்டது. அடுத்த மாதம் நிஜமாகவே நின்றுவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?

அலை வந்து பாதத்துக்கு அடியில் இருந்த மணலை அரித்துக்கொண்டு போனது. துணியின் ஒரு முனை விரலிடுக்கில் எட்டிப்பார்த்தது.

"எந்த மகராசி வீட்டுச் சரக்கோ! கூடையில போடச் சொன்னா இவளுங்களுக்குக் கை வலிக்குது" என்று அவள் காலடியைப் பார்த்துச் சிரித்தாள் பக்கத்து வீட்டுக்காரி.

சிரிப்பைக் கேட்டு மாமியார் அருகில் வந்தாள்.

"காலை எடும்மா."

எடுத்தாள்.

மாமியார் குனிந்து எடுத்து விரித்தாள். நடுவில், கடல் கழுவியும் போகாத கறை. மூலையில் கோழிக்குஞ்சு.

அடுத்த அலையில் துணியை அலசினாள். முறுக்கிப் பிழிந்தாள். குப்பைச் சாக்கில் போடாமல், நான்காக மடித்து மருமகளின் கையில் வைத்தாள்.

"சோப்புப் போட்டு எடுத்து வை. தையல் பிரியலை. அடுத்து வர்றவளுக்கு ஆகும்."