புது ஹீட்டர், பச்சைத் தண்ணி

“நான்தான் மூடினேன். என்ன இப்போ?”

பம்ப்புக்குப் பக்கத்து வால்வை யாரோ மூடியிருக்கிறார்கள் என்று பிளம்பர் சொல்லி முடிக்கவில்லை. அதற்குள் தங்கை முன்னால் வந்து நின்றாள். பிளம்பர் எதுவும் காதில் விழாதவர்போல் சுவரைப் பார்த்தார்.

அண்ணி இடுப்பில் கைவைத்து அண்ணன் பக்கம் திரும்பினாள். “கேட்டீங்களா உங்க தங்கச்சி பேசறதை? புது ஹீட்டர் மாட்டி நாலு நாளா மாடி பாத்ரூம்ல சுடுதண்ணி வரலைன்னு நான் தலையைப் பிச்சுக்கிறேன்!”

“வீட்டை விக்கத்தானே ஹீட்டர்? நாம குளிக்கவா வாங்கினீங்க, அண்ணி?”

அப்பா வீட்டை அண்ணன் பேருக்கு எழுதிவிட்டுப் போயிருந்தார். முன்னறையில் கிடக்கும் கடிகார ரிப்பேர் மேஜைதான் தங்கையின் பிழைப்பு.

“என் மேஜையை ஒரு அங்குலம் நகர்த்திப் பாருங்க, அப்புறம் தெரியும்!”

“வாயை மூடு!” என்று கத்தினான் அண்ணன். ஆறடி இரண்டு அங்குலம். எந்த வாசலிலும் குனிந்துதான் நுழைவான். “வீடு பார்க்க வர்றவர் இன்னைக்கு முடிவு சொல்லிடுவார். அவங்க அம்மாவுக்கு மாடியில குழாயைத் திருகின உடனே சுடுதண்ணி வேணுமாம்.”

பிளம்பர் வால்வைத் திறந்தார். “அவ்வளவுதான் சார். குழாயில ஆறிப்போற தண்ணியை இந்த பம்ப் திரும்ப ஹீட்டருக்கே இழுத்துட்டு வரும். சுத்திக்கிட்டே இருக்கிறதால, எப்பத் திருகினாலும் சூடா வரும். எதுக்கும் பரண்ல ஒரு பார்வை பார்த்துட்டா...”

“பரண்ல எலியும் பழைய பேப்பரும்தான் இருக்கு. நீங்க கீழயே பாருங்க” என்றான் அண்ணன்.

அரை மணி நேரத்தில் வாங்குபவர் வந்தார். வாட்ச்சைப் பார்த்துக்கொண்டே மாடிக் குழாயைத் திருகினார். பச்சைத் தண்ணி. பக்கெட் பாதி நிறைந்தது. அப்போதும் பச்சைத் தண்ணி.

“புது ஹீட்டரே இந்த லட்சணம்னா, சுவருக்குள்ள இருக்கிற பழைய குழாயெல்லாம் எப்படி இருக்குமோ! நான் வேற வீடு பார்த்துக்கறேன்.”

“சார், ஒரு நிமிஷம் சார்!” அண்ணி அவர் பின்னாலேயே கேட் வரைக்கும் ஓடினாள்.

“எல்லாம் உன்னாலதான்!” அண்ணன் தங்கைமேல் பாய்ந்தான்.

“ஆமா, என்னாலதான். நாளைக்கு இன்னொருத்தரைக் கூட்டிட்டு வாங்க. நாளைக்கும் மூடுவேன்.”

பிளம்பருக்கு இது தன்மானப் பிரச்சினை ஆகிவிட்டது. குழாயைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போனவர், ஏணி போட்டு ஏறிப் பரணுக்குள் தலையை நுழைத்தார்.

“அக்கா! இங்க, ஹீட்டருக்குத் திரும்பற குழாயில இன்னொரு வால்வும் இறுக்கி மூடியிருக்கு. இதுவும் உங்க வேலைதானா?”

“பரண்லயா? நாற்காலி மேல ஏறினாக்கூட அது எனக்கு எட்டாதே...” என்றவள், சட்டென்று திரும்பினாள்.

அண்ணன் ஜன்னல் வழியே கேட்டை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, சட்டைக் கையில் ஒட்டியிருந்த ஒட்டடையைத் தட்டிவிட்டான்.

“மெதுவா பேசு. அண்ணி காதுல விழப்போகுது.”