பெயர் எழுதும் சுவர்

கல்லூரி அணிகளுக்கு நன்கொடை திரட்டும் தேனுகா, கொடுப்பவர் பெயரைப் பொறிக்கும் சுவர்களின் பட்டியலோடு விளையாட்டரங்கில் காத்து நிற்கிறாள். நவரட்ணம் இன்று பணம் தர ஓம் என்று சம்மதிக்காவிட்டால் பெண்கள் கூடைப்பந்து அணி இந்த ஆண்டோடு கலைந்துவிடும். பந்துகள் அதிர்கின்றன, மெருகேறிய பலகைத் தரையில் கூரை விளக்குகள் குளத்து நீரில்போல மிதக்கின்றன. மார்க்கம் நகரிலிருந்து வந்த முதலாளி நவரட்ணம் தரையின் விளிம்பிலேயே சப்பாத்தைக் கழற்றுகிறார். “அங்கிள், சப்பாத்தோட வரலாம்.” “பிள்ளையள் விழுந்தெழும்புற இடமெல்லோ?” காலுறையோடு நடுவுக்கு நடக்கிறார். பந்துகள் ஒவ்வொன்றாய் அடங்குகின்றன. தேனுகா பட்டியலை நீட்டுகிறாள். “உங்கட பேரை எந்தச் சுவரில போட, அங்கிள்?” வியர்வை வழியும் முகங்களை அவர் சுற்றிப் பார்க்கிறார். “பேர் போடாட்டில் காசு வாங்கமாட்டியளோ?” தேனுகா பட்டியலை மெல்ல மடிக்கிறாள், பிறகு குனிந்து, தன் சப்பாத்து நாடாவை அவிழ்க்கிறாள்.