எஞ்சினுக்கு உடைத்த தேங்காய்

செங்கலடிச் சந்தியில் பஸ் மறுபடியும் இருமி இருமி நிற்கிறது. உள்ளே, பிள்ளை பெற ஆஸ்பத்திரிக்குப் போகிறவள் பல்லைக் கடித்து முனகுகிறாள். மெக்கானிக் அலியார் எஞ்சின் மூடியைத் தூக்குகிறார். புளித்த நாற்றம் முகத்தில் அடிக்கிறது. பிளக்குகளின் மேல் சளிபோலப் பிசுபிசுப்பு, அதில் ஒட்டிச் செத்த எறும்பு, அழுகிய தேங்காய்ச் சில்லு. "த்தூ! என்ன போடியார் இது?" "விடியக்க விடியக்க எஞ்சினுக்கு மேலதான் தேங்காய் உடைக்கிறன், அலியார் காக்கா. அப்படியும் கோளாறு பண்ணுது" என்கிறார் பஸ் முதலாளி வேலாப்போடி. "தேங்காய்த் தண்ணிய ஊத்தினா பிளக்கில எப்படிப் பொறி பறக்கும்?" அலியார் மூச்சை அடக்கிக்கொண்டு எல்லாவற்றையும் துடைத்து உலர்த்துகிறார். பஸ்ஸின் முன்னால் ஸ்டார்ட் கைப்பிடியைச் செருகிச் சுழற்றியதும் எஞ்சின் சீராக முழங்குகிறது. முனகியவள் கண் திறக்கிறாள். "எல்லாம் பிள்ளையார்ர கிருபை" என்று கும்பிட்ட முதலாளி, திறந்த எஞ்சின்மேல் அடுத்த தேங்காயை ஓங்குகிறார்.